தோன்றா எழுவாய்: கைவினைச் சிறுவணிகரின் இன்ஸ்டாகிராம் படக்குறிப்புகளில் மொழியும் மறைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை, சுடுமண் நகை, கைத்தறித் துணி முதலியவற்றை விற்கும் சிறுவணிகர்க்கு இன்ஸ்டாகிராம் பக்கமே கடை. படத்தின்கீழ் எழுதப்படும் சில வரிகளே கடைக்காரரின் பேச்சு. வாசகரை ஈர்க்கும் குறிப்பு எழுதுவது எப்படி எனப் பயிற்றும் அறிவுரைகள் பெருகியுள்ள இன்றைய சூழலில், அவை தமிழில் எத்தகைய தொடரமைப்பை வழக்காக்கியுள்ளன என்பதை இக்கட்டுரை மரபிலக்கணக் கலைச்சொற்களின் துணையுடன் திறனாய்கிறது. இக்குறிப்புகளின் குறை ஆங்கிலக் கலப்பன்று. செய்தவரையும் பொருளையும் விலையையும் மறைக்கும் தொடரமைப்பே என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: படக்குறிப்பு, சிறுவணிகம், தோன்றா எழுவாய், செயப்பாட்டுவினை, சுட்டு, சுங்குடி, இரட்டை வழக்கு.

முன்னுரை

2010ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராம் முதன்மையாகப் படங்களுக்கான தளம். எழுத்து அதில் படத்திற்குக் கீழே, இரண்டாம் இடத்தில் அமைகிறது. இவ்வெழுத்துப் பகுதியைக் ‘கேப்ஷன்’ என்றே பயன்படுத்துவோர் வழங்குகின்றனர். இக்கட்டுரை அதனைப் ‘படக்குறிப்பு’ எனக் குறிக்கிறது. ஒரு படக்குறிப்பு 2200 எழுத்துருக்கள்வரை நீளலாம். ஆயினும் வாசகரின் திரையில் முதலில் தெரிவது தொடக்க வரிகள் மட்டுமே. எஞ்சியது ஒரு மடிப்புக்குள் மறைந்திருக்கும். விரலால் தொட்டால்தான் அது விரியும்.

சமூக ஊடகத் தமிழைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் மொழிக்கலப்பைச் சுற்றியே நிகழ்கின்றன. ஆங்கிலச் சொற்கள் எத்தனை, உரோமன் எழுத்தில் எழுதிய தமிழ் எத்தனை, எழுத்துப்பிழைகள் எத்தனை எனப் பட்டியலிட்டு இறுதியில் வருந்துவது அவற்றின் பொதுப்போக்கு. இக்கட்டுரையாளரும் ஆய்வின் தொடக்கத்தில் அவ்வழியிலேயே சென்றவர். படக்குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்தபோது அவ்வளவுகோல் எதையும் அளக்கவில்லை என்பது தெரியவந்தது. பிழையற்ற, கலப்பற்ற தமிழில் எழுதப்பட்ட குறிப்பு பொருளைப் பற்றி எதுவுமே சொல்லாமல் முடிவதும், ஆங்கிலம் பாதி கலந்த குறிப்பு வாங்குபவருக்கு வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடுவதும் மீண்டும் மீண்டும் காணக்கிடைத்தன. அம்முரணே இத்திறனாய்வின் தொடக்கப்புள்ளி.

ஆய்வுமுறை குறித்து ஒன்று கூறவேண்டும். இப்பக்கங்களை நடத்துவோர் பெரும்பாலும் தனிமனிதர். பலர் வீட்டுவேலைகளுக்கிடையே இத்தொழிலை நடத்தும் பெண்கள். அவர்தம் எழுத்தைப் பெயருடன் எடுத்துக்காட்டிக் குறைகாண்பது முறையன்று. ஆகவே கீழே இடம்பெறும் மாதிரித் தொடர்கள் பொதுவழக்கைக் காட்டும்பொருட்டுக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. எந்தத் தனிப்பக்கத்தையும் அவை சுட்டா.

வணிகர் விடையும் சுட்டும்

எதை ஆராய்ந்தாலும் தொல்காப்பியத்தில் தொடங்குவது நம் துறையின் பழக்கம். பல வேளைகளில் அது வெறும் சடங்கு. இங்கு அதற்குத் தக்க காரணம் உண்டு. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் கடைவீதிப் பேச்சுக்கே பொருந்தும் விதியொன்றைத் தருகிறது. ‘இது அல்லாமல் வேறு இல்லை’ என்னும் வாய்பாட்டில் விடை கூறுவோர், கேட்கப்பட்ட பொருள் அல்லாத பிறிதொரு பொருளைக் கூறவேண்டும். கேட்ட பொருளையே கூறுவதாயின் அதனைச் சுட்டிக் கூறவேண்டும். உரையாசிரியர்கள் இதற்குப் பயறு வாங்க வந்தவருக்கும் வணிகருக்கும் இடையிலான வினாவிடையை எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். பயறு கேட்டவரிடம் உழுந்தே உள்ளது என்று சொல்லலாம். பயறே உள்ளதாயின் ‘இந்தப் பயறு’ என்று கண்முன் இருப்பதைச் சுட்டவேண்டும்.

இவ்விதி இலக்கண வழு காக்கும் நோக்கில் எழுந்தது. வணிக ஒழுக்கத்தைக் கற்பிக்க அன்று. எனினும் அதனுள் ஓர் எதிர்பார்ப்பு பொதிந்துள்ளது. விற்பவர் பேச்சு பொதுப்பெயரோடு நின்றுவிடலாகாது. எதிரே இருக்கும் குறித்த பொருளைத் தொடவேண்டும். கடையில் இதற்குக் கை உதவுகிறது. சேலையை விரித்துக் காட்டுகையில் முந்தி எது, உடல் எது, சாயம் எங்கே சற்றுக் கூடியிருக்கிறது என்பதையெல்லாம் வாங்குபவர் தொட்டுப் பார்த்தே அறிந்துகொள்வார். இணையக் கடையில் கை இல்லை. அக்கையின் வேலையைச் செய்யவேண்டியது படக்குறிப்பே.

ரோலான் பார்த் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ‘படிமத்தின் அணியியல்’ என்னும் கட்டுரையில், பன்சானி என்னும் உணவுப்பொருள் விளம்பரம் ஒன்றைச் சான்றாக்கிப் படத்திற்கும் அதனுடன் வரும் எழுத்துக்கும் உள்ள உறவை இருவகைப்படுத்தினார். படம் தரக்கூடிய பல பொருள்களுள் ஒன்றில் வாசகரை நிறுத்துவது முதல் வகை. அதனை நங்கூரப்பணி எனலாம். படம் சொல்லாததை எழுத்து சேர்த்துச் சொல்லி இரண்டும் இணைந்து ஒரு பொருளை நிறைவுசெய்வது இரண்டாம் வகை. தொல்காப்பியம் கூறும் சுட்டு முதல் வகைக்கு நெருக்கமானது. கைவினை வணிகத்தின் படக்குறிப்புக்கு இவ்விரு பணிகளும் வேண்டும். எனினும் இன்று பரவலாகக் காணப்படும் குறிப்புகள் இவ்விரண்டில் எதையும் செய்வதில்லை என்பதே இக்கட்டுரையின் முதல் குற்றச்சாட்டு. கீழ்வரும் மாதிரியை நோக்குக:

“ஒவ்வொரு இழையும் ஒரு கதை சொல்லும். மரபின் மணம் கமழும் இந்தச் சேலை அன்போடு உருவாக்கப்பட்டது. உங்கள் அழகை மெருகேற்றும் தருணம் இது!”

இக்குறிப்பைச் சுங்குடியின் கீழ் வைக்கலாம். நெகமம் பருத்திச் சேலையின் கீழும் வைக்கலாம். சூரத்திலிருந்து வந்த பாலியஸ்டர் சேலையின் கீழ் வைத்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ‘இந்த’ என்னும் சுட்டுச்சொல் உள்ளது. சுட்டப்படும் பொருள்தான் இல்லை. நன்னூலார் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்பதை வைத்தார். நூலுக்கு வகுத்ததை மூன்று வரி விளம்பரத்திற்கு ஏற்றுவது மிகையெனத் தோன்றலாம். ஆனால் நூலில் வெற்றுச்சொல் வாசகரின் பொழுதை மட்டுமே வீணாக்கும். இங்கு அது பணத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

செய்தவர் எங்கே

மேற்கண்ட மாதிரியில் ‘உருவாக்கப்பட்டது’ என்னும் வினைமுற்றைச் சற்று நின்று நோக்கவேண்டும். தமிழில் ‘படு’ என்னும் துணைவினை சேர்ந்த செயப்பாட்டுவினை எழுத்துவழக்கில் பயில்வது; வீட்டுப்பேச்சில் அரிது. ‘அம்மா சமைத்தாள்’ என்போம். ‘சோறு அம்மாவால் சமைக்கப்பட்டது’ என எவரும் கூறுவதில்லை. பேச்சின் நெருக்கத்தை நாடும் ஓர் ஊடகத்தில் அலுவலகக் கோப்பின் வினைமுற்று ஏன் குடியேறியது? ‘அன்போடு உருவாக்கப்பட்டது’ என்பது பிறமொழிப் பொதிகளின் மேல் அச்சிடப்படும் வாசகத்தின் நேர்பெயர்ப்பு. அம்மொழியில் அவ்வமைப்பு இயல்பானது. தமிழுக்குள் வந்தபோது அது தன்னோடு ஒரு மறைப்பையும் கொண்டுவந்தது. ‘யாரால்’ என்னும் கருத்தா விடுபட்டாலும் தொடர் முடிந்துவிடுகிறது.

தமிழில் எழுவாய் மறைவது புதிதன்று. ‘நேற்று வந்தேன்’ என்பதில் எழுவாய் வெளிப்படையாக இல்லை; ஆனால் வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிவிடுகிறது. அதனால்தான் அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். இல்லாத எழுவாய் என்பதில்லை. செயப்பாட்டுவினையோ அவ்விகுதியையும் பறித்துவிடுகிறது. ‘உருவாக்கப்பட்டது’ என்பதன் ‘அது’ சேலையைக் குறிக்கும் விகுதி. செய்தவரைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் அத்தொடரில் இல்லை.

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகும். சுங்குடி மதுரையில் வாழும் சௌராட்டிரச் சமூகத்தாரின் மரபுத்தொழில். வெண்பருத்தித் துணியில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, பின் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சுக்குள் சாயம் புகாமையால் முடிச்சை அவிழ்த்தபின் அவ்விடம் வெண்புள்ளியாகத் தெரியும். ஒரு சேலைக்கு இத்தகைய முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும்; நாள்கணக்கில் அமர்ந்து முடிச்சிடும் அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே வீட்டிலிருந்து செய்துவந்தனர். 2005ஆம் ஆண்டு மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. இன்று கடைகளில் சுங்குடி என்னும் பெயரில் மிகுதியும் விற்பவை மெழுகு அச்சாலும் திரை அச்சாலும் புள்ளியிடப்பட்டவை. அச்சுச் சேலை இழிந்தது என்பது இங்கு வாதமன்று. எளிய விலையில் பலர் உடுத்தக் கிடைப்பதும், சாயத்தொழிலாளர் பலர்க்கு வேலை தருவதும் அதுவே. ஆனால் இரண்டும் வேறு. முடிச்சிட்ட புள்ளி ஒன்றுபோல் மற்றொன்று இராது. துணியில் மெல்லிய சுருக்கம் எஞ்சியிருக்கும். அச்சுப்புள்ளி ஒரே அளவில் வரிசைபிசகாது நிற்கும். கைப்பேசித் திரையின் சிறுபடத்தில் இவ்வேறுபாடு எளிதில் தெரிவதில்லை.

‘முடிச்சிட்டார்’ என்னும் செய்வினையை எழுதினால் எவர் முடிச்சிட்டார் என்னும் வினா உடன் எழும்; அச்சுச் சேலையின் கீழ் அவ்வினையை எழுதினால் அது பொய்யாகும். ‘உருவாக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால் இரண்டு இடர்களும் நீங்கும். அதாவது, இவ்வினைமுற்று நடைக்குற்றம் மட்டுமன்று. முடிச்சையும் அச்சையும் ஒரே தொடருக்குள் அடக்கும் வசதி. முடிச்சிட்டவரின் உழைப்பும் அச்சிட்டவரின் உழைப்பும் அவ்வசதிக்குள் ஒருங்கே காணாமற்போகின்றன.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதுதான். செய்தவரின் பெயரையும் ஊரையும் எழுதினால் வாங்குபவர் நேரே அவரிடமே சென்றுவிடுவார், இடையில் நிற்கும் சிறுவணிகரின் பிழைப்பு போய்விடும் என்பது விற்போரின் அச்சம். செய்தவரும் தம் பெயர் பொதுவில் வருவதை விரும்பாதிருக்கலாம். இவ்வச்சத்தைப் புறந்தள்ளி அறம் பேசுவது எளிது. மாதம் சில சேலைகள் விற்று வாழ்பவருக்கு அந்த எளிமை வாய்ப்பதில்லை. ஆனால் பெயரைச் சொல்வது வேறு. செயலைச் சொல்வது வேறு. “புள்ளி முடிச்சுப் போட்டதே, அச்சு இல்லை. முடிச்சுப் போட்டது மதுரையில் இரண்டு பெண்கள், சாயம் போட்டது வேறொருவர்” என்று எழுதுவதால் எவரது முகவரியும் வெளிப்படுவதில்லை. செய்வினை திரும்புகிறது, அதனுடன் உழைத்தவரும் தொடருக்குள் வந்துவிடுகிறார். அச்சுச் சேலையாயின் “மெழுகு அச்சு” என்னும் இரு சொற்கள் போதும்.

‘மாடல்’ என்னும் சொல்லும் அடைமொழிகளும்

பொருட்பெயருக்கு முன்னும் பின்னும் வரும் ஒட்டுகள் தனியாய்வுக்குரியவை. ‘காஞ்சிபுரம் மாடல்’, ‘செமி சில்க்’, ‘சுங்குடி ஸ்டைல்’ போன்ற வழக்குகளில் ‘மாடல்’, ‘செமி’, ‘ஸ்டைல்’ என்பன வியப்பான வேலையைச் செய்கின்றன. சேலை வணிகத்தின் உட்பொருள் அறிந்தவருக்கு ‘காஞ்சிபுரம் மாடல்’ என்றால் அது காஞ்சிபுரத்தில் நெய்யப்பட்டதன்று எனத் தெரியும். அறியாதவர் ‘காஞ்சிபுரம்’ என்பதை மட்டும் படிப்பார். ஒரே தொடர் ஒருவருக்கு உண்மையும் மற்றொருவருக்குப் பொய்யுமாகிறது. இலக்கணத்தில் இதற்கொரு பெயர் இருந்தால் நன்று. இரட்டுறமொழிதல் என்பது மிகப் பெருமையான பெயராகிவிடும்.

சான்று முத்திரைகள் இல்லாமல் இல்லை. பட்டுக்கு 2004 முதலும், கைத்தறிக்கு 2006 முதலும் தரக்குறியீடுகள் நடைமுறையில் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1905ஆம் ஆண்டு அதே நாளில் கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டதை ஒட்டி, 2015இல் சென்னையில் அந்நாள் தொடங்கிவைக்கப்பட்டது. அன்று இன்ஸ்டாகிராமில் ‘கைத்தறி’ என்னும் கொத்துக்குறி பெருகி வழியும். அதன் கீழ் விசைத்தறிச் சேலைகளும் வரிசையாக நிற்கும். அயல்துணிக்கு எதிராக எழுந்த ஒரு நாளின் பெயர் இன்று எந்தத் துணியையும் விற்க உதவும் அடைமொழியாகியிருப்பது ஆய்வாளருக்குச் சிரிப்பையும் சலிப்பையும் ஒருசேரத் தருகிறது.

சுடுமண் நகைகளில் இதே சிக்கல் வேறுருவில் வருகிறது. களிமண்ணை வடித்து, நிழலில் உலர்த்தி, தீயில் சுட்ட பின்னரே அது சுடுமண். காற்றில் உலர்ந்து இறுகும் செயற்கைக் களிமண்ணில் செய்து வண்ணம் பூசியதும் பார்வைக்கு அதைப்போலவே இருக்கும். சூளை வேண்டாம், உடையும் இழப்பும் குறைவு. அதையும் ‘சுடுமண்’ என்றே எழுதும் வழக்கம் உள்ளது. சொல்லுக்குள்ளேயே ‘சுடு’ என்னும் வினைப்பகுதி வினைத்தொகையாக நிற்கிறது. சுடாத ஒன்றைச் சுடுமண் என்பது ஆங்கிலப்பெயர் வழங்குமிடத்தில் பிழையாகத் தோன்றாமற்போகலாம். தமிழ்ச்சொல்லோ எழுதும்போதே தன்னைத்தான் மறுக்கிறது. நகை வாங்குபவர் அறிய விரும்புபவை வேறு: எடை எவ்வளவு, காதுமடலை இழுக்குமா, வியர்வையில் வண்ணம் போகுமா, கீழே விழுந்தால் உடையுமா. இவற்றுள் ஒன்றையேனும் சொல்லும் குறிப்பு, ‘தேவதைபோல் மிளிருங்கள்’ என்பதைவிட மேலானது.

தண்டியலங்காரம் பொருளணிகளைக் கூறத் தொடங்குமிடத்தில் முதலாவதாக வைப்பது தன்மையணி. ஒரு பொருளின் இயல்பை உள்ளவாறே தோன்றச் சொல்லுதல். உவமையும் உருவகமும் உயர்வும் அதன் பின்னரே வருகின்றன. ஈர்க்கும் குறிப்புக்கான அறிவுரைகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. உயர்வு முதலில், உணர்ச்சி அடுத்து, பொருளின் இயல்பு இறுதியில். அதுவும் இடமிருந்தால் மட்டும்.

கலப்பும் வழக்கும்

இனி, தொடக்கத்தில் குறித்த முரணுக்கு வரலாம். கீழ்வரும் மாதிரி இவ்வூடகத்தில் மிகுதியும் காணப்படும் மற்றொரு வகையைச் சார்ந்தது:

“காட்டன் சுங்குடி, வாக்ஸ் பிரிண்ட். 5.5 மீட்டர், பிளவுஸ் கிடையாது. மெரூன் கலர் போட்டோல கொஞ்சம் பிரைட்டா தெரியுது, நேர்ல டார்க்தான். முதல் தடவை தனியா உப்புத் தண்ணில அலசுங்க, சாயம் கொஞ்சம் போகும். 950 ரூபா, கூரியர் தனி.”

மொழித்தூய்மை நோக்கில் இக்குறிப்பு தேறாது. ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லும் சுட்டுகிறது. அச்சு என்பது ஒளிக்கப்படவில்லை. படம் தவறாகக் காட்டும் நிறத்தை எழுத்து திருத்துகிறது. பார்த் கூறிய நங்கூரப்பணி இதுவன்றி வேறில்லை. சாயம் போகும் என்னும் குறையைச் சொல்லி அதற்கான கைமருந்தையும் சேர்த்துச் சொல்கிறது. கடையில் எதிரே நின்று பேசும் பெண்ணின் குரலை இதில் கேட்கலாம். ‘மரபின் மணம்’ என்னும் தூயதமிழ்த் தொடரில் அக்குரல் இல்லை. நம் துறையின் மொழிக்கலப்பு ஆய்வுகள் முதற்குறிப்புக்கு நல்ல மதிப்பெண்ணும் இக்குறிப்புக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தருமாயின், திருத்தப்படவேண்டியது அளவுகோலே.

இரட்டை வழக்கு என்னும் கருத்தாக்கத்தை 1959இல் சார்லசு பெர்குசன் விரித்துரைத்தபோது, ஒரு சமூகத்தின் உயர்வழக்கும் தாழ்வழக்கும் வெவ்வேறு களங்களுக்கு உரியவை என்றார். படக்குறிப்பு எழுத்தாகவும் பேச்சாகவும் ஒருங்கே இயங்கவேண்டியிருப்பதால், இக்களப்பிரிவு அங்குக் குலைகிறது. இரு வழக்கும் கலப்பது தவறன்று. கலப்பு எங்கே நிகழ்கிறது என்பதே வினா. அளவு, நூல், விலை ஆகியவற்றை எழுத்துவழக்கில் தந்து, ‘வாங்க, பாருங்க’ என அழைப்பைப் பேச்சில் வைத்தால் அது பயன் கருதிய மாற்றம். ஒரே தொடருக்குள் ‘தங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது, மிஸ் பண்ணாதீங்க’ என்று இரண்டும் முட்டிக்கொண்டால், முற்பகுதி வேறெங்கிருந்தோ பெயர்த்து ஒட்டப்பட்டது என்பதை வாசகர் உடனே உணர்ந்துவிடுவார்.

விளிச்சொற்களிலும் இதைக் காணலாம். ‘உறவுகளே’, ‘தோழிகளே’, ‘சிஸ்’, ‘மேம்’, ‘அக்கா’ என்பன வெவ்வேறு தொலைவுகளை நிறுவுகின்றன. வாடிக்கையாளரை அறிந்து, பின்னூட்டத்தில் ‘அக்கா’ என்று தொடங்கும் விற்பவர் உறவை உண்மையாகவே கட்டுகிறார். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் குறிப்பில் ‘என் அன்பு உறவுகளே’ என்று தொடங்குவது மேடைப்பேச்சு. இதனை நீட்டித்து எழுத வேறிடம் வேண்டும்.

மடிப்பும் எழுத்தெண்ணிக்கையும்

முதல் வரிகள் மட்டுமே தெரியும் என்னும் கட்டுப்பாடு தமிழைச் சற்றுக் கூடுதலாகவே நெருக்குகிறது. ஒருங்குறியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு குறியீடு. தமிழில் அகர உயிர்மெய் நீங்கலான உயிர்மெய்களும் புள்ளிபெற்ற மெய்களும் இரண்டு குறியீடுகளால் ஆனவை. ‘கைத்தறிச் சேலை’ என்பதில் கண் காண்பது 7 எழுத்துகள்; குறியீடுகளாக எண்ணினால், இடைவெளி நீங்கலாக 13. எழுத்துகளும் அகலமானவை, சொற்களும் ஒட்டுகள் சேர்ந்து நீள்பவை. ஆகவே கைப்பேசித் திரையின் ஒரு வரியில் தமிழுக்கு மூன்று நான்கு சொற்களே கிடைக்கும். மொத்த அளவான 2200 எவரையும் தடுப்பதில்லை. மடிப்புக்கு முன் உள்ள அச்சிறு இடமே தட்டுப்பாடானது.

அவ்விடத்தைப் பெரும்பாலான குறிப்புகள் எவ்வாறு செலவிடுகின்றன? ‘மழை பெய்யும் இந்தக் காலைப் பொழுதில், கையில் ஒரு கோப்பைக் காப்பியுடன்…’ என்பது போன்ற தொடக்கங்கள் மிகுதி. கதை சொல்லுங்கள் என்னும் அறிவுரையின் விளைவு இது. அகப்பொருள் இலக்கணத்தின் சொற்களில் கூறினால், முதற்பொருள் உண்டு: பொழுதும் இடமும் வந்துவிட்டன. கருப்பொருளும் உண்டு: மழை, காப்பி, சன்னலோரச் செடி. உரிப்பொருள் எங்கே? அகப்பாடலில் பொழுதும் நிலமும் ஓர் உணர்வுக்கு இட்டுச் செல்பவை. அவ்வுணர்வின்றி அவை தனித்து நிற்பதில்லை. இங்கு மழை எதற்கும் இட்டுச் செல்வதில்லை. அடுத்த பத்தியில் திடீரெனக் காதணி வருகிறது. ‘மற்றொன்று விரித்தல்’ என நன்னூல் பெயரிட்ட குற்றம் இதற்கு ஏறத்தாழ அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

மழைக்கே இடமில்லை என்பதன்று. மழைநாளில் சுடுமண் உலர்வதற்கு நாள் கூடும், சாயத்துணி காயாது, ஆகவே அனுப்புவது தாமதமாகும். “நாலு நாளா மழை. செய்த கம்மல் இன்னும் காயலை, அடுத்த வாரம்தான் சூளை” என்று தொடங்கும் குறிப்பில் மழை தொழிலுக்குள்ளிருந்து பெய்கிறது. காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு அது செய்தி. புதியவருக்குத் தொழிலின் உள்முகம். கதை என்று தேடிப் போகாமலே கதை வந்துவிட்டது.

அண்மைக்காலத்தில் செய்யறிவுக் கருவிகளைக் கொண்டு இக்குறிப்புகளை எழுதிக்கொள்ளும் வழக்கம் பரவிவருகிறது. அவை தரும் தமிழ் தட்டையாக இருப்பதாகக் குறைகூறுவோர், அதற்கு முன்பே மனிதர் எழுதியவையும் அதே வார்ப்பில் இருந்தன என்பதை மறந்துவிடுகின்றனர். பொருளை நோக்காமல் எழுதக்கூடிய குறிப்பை, பொருளைக் கண்ணால் காணாத கருவி எழுதிவிடுவதில் வியப்பில்லை. சாயம் போகுமா என்பதைக் கருவி அறியாது. அலசிப் பார்த்தவர் சொன்னால்தான் அறியும்.

விலை

‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பது இவ்வூடகத்தின் மிகப் பரவலான தொடர்களுள் ஒன்று. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், மின்வணிகத்தில் பொருளின் மொத்த விலை ஒரே தொகையாகக் காட்டப்படவேண்டும் என்னும் நெறியைக் கொண்டுள்ளன. ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் அவ்விதிகளுக்குள் எவ்வாறு அடங்கும் என்பது சட்டத்துறையினர் கூறவேண்டியது. இங்கு மொழியை மட்டும் நோக்கலாம். விற்பவர் விலையை மறைப்பதற்குச் சொல்லும் காரணங்கள் உள்ளன. போட்டியாளர் உடனே குறைத்து விற்பர், கேள்வியாக வரும் செய்திகள் பக்கத்தை உயிர்ப்புடன் வைக்கும், பேசத்தொடங்கியவர் வாங்கிவிடக்கூடும். இவை பொய்யான காரணங்களல்ல. ஆனால் விலையைக் கேட்பதற்கே தயங்குவோர் உண்டு. கேட்டபின் வாங்காமற்போனால் என்ன நினைப்பார்களோ என்னும் கூச்சம், குறைந்த வருவாயுள்ள வாசகரையே முதலில் வெளியே நிறுத்துகிறது. விலை எழுதப்பட்ட கடையில் அவர் அமைதியாகப் பார்த்துவிட்டுப் போகலாம். விலை எழுதப்படாத கடையில் தன்னை அறிவித்துக்கொண்டுதான் நுழையவேண்டும். கைவினைப்பொருளின் விலை ஏன் கூடுதல் என்பதை விளக்கும் வாய்ப்பையும் விற்பவர் இதனால் இழக்கிறார். முடிச்சுகளுக்கான நாள்கள் குறிப்பில் எழுதப்பட்டிருந்தால், அதன் அருகே நிற்கும் தொகை தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். நாள்களும் இல்லை, தொகையும் இல்லை எனும்போது பின்னூட்டங்களில் ஒரே வினாதான் மீண்டும் மீண்டும் எழுகிறது. விடையாக ‘இன்பாக்ஸ் பார்க்கவும்’ என்பது அத்தனை முறையும்.

விற்ற பின்

கைவினையில் பல பொருள்கள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது விற்றபின் விற்பவர் பழைய குறிப்பைத் திருத்துகிறார். சிலர் முழுக்குறிப்பையும் அழித்துவிட்டு ‘விற்றுவிட்டது’ என்னும் ஒரு சொல்லை இடுகின்றனர்; சிலர் அச்சொல்லை முதல் வரிக்குமேல் சேர்த்து, எஞ்சியதை அப்படியே விடுகின்றனர். இரண்டாம் வகையினரின் பக்கங்களே இக்கட்டுரையாளர்க்கு மிகுதியும் உதவின. விற்று முடிந்த சேலையின் கீழ் அதன் நீளம், முடிச்சின் வகை, நிறம் படத்தில் மாறித் தெரிந்தமை, போட்ட விலை ஆகியன எஞ்சியிருக்கின்றன. அதன்கீழ், வாங்கியவர் சில மாதங்கள் கழித்து வந்து, மூன்று முறை துவைத்தாயிற்று, இப்போது சாயம் நின்றுவிட்டது என்று எழுதியிருப்பதுண்டு. அடுத்த சுங்குடியை வாங்க வருபவர் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்.